கண்மாய்க்கு ஒரு கோர்ட்: சுற்றுச்சூழல் நீதிமன்றங்கள் பற்றி எங்கள் மேலூர்ப் பக்கம் கேட்கிற கேள்விகள்

மேலூர் தாலுகாவில் ஒரு சின்னக் கண்மாயின் ஆயக்கட்டு விவசாயி நான். பாசன சங்கத்துக்கு மனு எழுதும் வேலை பத்து வருஷமாக என் தலையில் இருக்கிறது. கண்மாய்க் கரையிலும் டீக்கடையிலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்து வரிசையிலும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டத்தில் இருப்பதைப் படித்தும், அலைந்து பார்த்தும் தெரிந்துகொண்டவன்.

இவ்வளவு கோர்ட் இருக்கும்போது சுற்றுச்சூழலுக்கு என்று தனியாக ஒன்று எதற்கு?

எங்கள் கண்மாயில் நடந்ததைச் சொன்னால் புரியும். வரத்துக் கால்வாயில் ஒரு ஆலையின் குழாய் ராத்திரியில் மட்டும் திறந்தது. முதல் வருஷம் மடையில் நுரை வந்தது, மழைத் தண்ணீர் என்று விட்டுவிட்டோம். அடுத்த வருஷம் நாற்று மஞ்சள் பூத்தது. கரையோரக் கிணறு கரித்தது. மாடு வாயை வைத்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த வக்கீல் கேட்டார்: “உங்கள் வயலுக்கு எத்தனை மூட்டை நட்டம் என்று சொல்லுங்கள், கேட்கலாம். கண்மாய்க்கு ஆன நட்டத்தை யார் பேரில் கேட்பது? கண்மாய்க்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது?”

அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. சாதாரண நீதிமன்றம் இரண்டு பேருக்கு நடுவே உள்ள வழக்கைத் தீர்க்க உண்டானது. வரப்புத் தகராறு, கடன், பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கண்மாய் கெட்டால் நட்டம் இருநூறு குடும்பத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது. ஒரு குடும்பத்தின் நட்டம் வக்கீல் ஃபீஸுக்குக்கூடக் காணாது. மொத்த நட்டத்தைக் கேட்க வருகிறவனிடம் “உனக்கு என்ன பாத்தியதை?” என்று கேட்பார்கள்.

இன்னொன்று, நிரூபணம். அந்த நுரை எந்த ரசாயனம், அது மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியது, கிணற்றுக்கு எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்கிற சமாச்சாரம் இல்லை. அப்புறம் வாய்தா. பாகப்பிரிவினை வழக்கு இருபது வருஷம் நடந்தாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கும். தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. தீர்ப்பு வரும்போது காப்பாற்ற வேண்டிய பொருளே இருக்காது.

நம் நாட்டில் அப்படி ஒரு நீதிமன்றம் இருக்கிறதா?

இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதே வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி தொடங்கியது. தலைமை அமர்வு டெல்லியில். போபால், புனே, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அமர்வுகள். நமக்கு உரியது சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் காலத்துக் கலச மகாலில் இயங்குகிறது.

இது ஒரே நாளில் வந்ததல்ல. டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் 1986லேயே உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளுக்கு நிபுணர்களோடு கூடிய தனி நீதிமன்றம் வேண்டும் என்று சொன்னது. 1995லும் 1997லும் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் போட்டது. இரண்டும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 2003ல் சட்ட ஆணையம் தன் 186ஆவது அறிக்கையில், மாநிலத்துக்கு ஒரு சுற்றுச்சூழல் நீதிமன்றம் என்று விரிவாகப் பரிந்துரைத்தது. கடைசியில் வந்தது நாடு முழுவதுக்கும் ஐந்து அமர்வுகள். மாநிலத்துக்கு ஒன்று என்பதற்கும் ஐந்துக்கும் உள்ள தூரத்தைத்தான் நாம் இன்று பஸ் டிக்கெட்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரலாம் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று உறுதியாகச் சொன்னது அந்தத் தீர்ப்பு. சென்னை உயர்நீதிமன்றத்தில் இதற்கென்று ‘பசுமை அமர்வு’ ஒன்றை அமைக்கவும் கேட்டுக்கொண்டது. நம் பக்கத்துத் திண்டுக்கல் தோல் ஆலைகளும் அந்தத் தீர்ப்புக்குள் வந்தன. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இன்றைக்கு அது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் தப்பு என்று முதலில் அழுத்திச் சொன்னது அதுதான்.

அங்கே தீர்ப்பு சொல்வது யார்? நீதிபதிதானா?

நீதிபதியும், அவர் பக்கத்திலேயே ஒரு நிபுணரும். குறைந்தது ஒரு நீதித்துறை உறுப்பினர், ஒரு நிபுணர் உறுப்பினர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அமர்வு. நிபுணர் என்றால் அறிவியலிலோ பொறியியலிலோ உயர் படிப்பும் பதினைந்து வருஷ அனுபவமும் வேண்டும். அதில் ஐந்து வருஷம் சுற்றுச்சூழல், காடு சார்ந்த நேரடி அனுபவமாக இருக்க வேண்டும். நீண்ட நிர்வாக அனுபவம் உள்ள அதிகாரிகளும் வரலாம். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது வாசலைச் சின்னதாக வைத்திருக்கலாம்.

நிபுணர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. சீமைக் கருவேலம். 2017ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தென்மாவட்டங்களில் அதை வேரோடு அகற்றச் சொன்னது. ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. பிறகு சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்தப் பணி இடைக்காலமாக நிறுத்தப்பட்டு, நிபுணர் குழுவின் கருத்து கேட்கப்பட்டது. கருவேலம் நீரை உறிஞ்சுகிறதா, எவ்வளவு, வெட்டிய இடத்தில் வேறு எதை வைப்பது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்பதெல்லாம் முதல் நாளே மேடையில் பேசப்பட வேண்டியவை. என் கண்மாயில் கருவேலம் இருப்பது எனக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் மரத்தைப் பற்றிய கேள்விக்கு மரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பதில் சொல்வதே முறை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நிபுணரை உள்ளே வைத்துக்கொண்டே, எதற்கெடுத்தாலும் வெளியே ஒரு குழு போட்டு, அது சொல்வதையே தீர்ப்பாக்கும் பழக்கம் தீர்ப்பாயத்துக்கு வந்தது. குஜராத் வழக்கு ஒன்றில் 2022ல் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. குழு உண்மையைத் திரட்டலாம், தீர்ப்பு சொல்லும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பிரச்சனை அதில் வருமா?

ஏழு சட்டங்கள் சார்ந்தவை வரும். நீர் மாசு (1974), நீர் வரி (1977; 2017ல் ரத்தானது), வனப் பாதுகாப்பு (1980), காற்று மாசு (1981), சுற்றுச்சூழல் பாதுகாப்பு (1986), பொதுப் பொறுப்புக் காப்பீடு (1991), பல்லுயிர்ச் சட்டம் (2002). ஆலைக் கழிவு, குவாரித் தூசி, குப்பைக் கிடங்கு, அனுமதி இல்லாத கிரஷர் எல்லாம் இதற்குள் அடங்கும்.

வராதவையும் உண்டு. வனவிலங்குச் சட்டம், பழைய இந்திய வனச் சட்டம், வன உரிமைச் சட்டம் மூன்றும் பட்டியலில் இல்லை. யானை வழித்தடம் பற்றியோ, மலையில் வாழ்கிறவர்களின் நில உரிமை பற்றியோ நேராக அங்கே போக முடியாது. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. காட்டைத் தனியாகவும், காட்டில் திரிகிற மிருகத்தைத் தனியாகவும், அங்கே வாழ்கிற மனிதரைத் தனியாகவும் பிரித்தால் வழக்கு எப்படி முழுதாக நிற்கும்?

கண்மாய் ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. அதற்கு முதல் படி நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும்தான். ஆக்கிரமித்த இடத்திலிருந்து கழிவும் வருகிறது என்றால் தீர்ப்பாயத்தில் சொல்லக் காரணம் பலமாகிறது.

மாநகராட்சியே ஆற்றில் சாக்கடை விட்டால்?

அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். வைகையில் மதுரை நகரத்துக்குள் கலக்கிற கழிவுநீர், கிருதுமால் நதி சாக்கடையாகிப் போனது, வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு, இதில் எதற்கும் தனியார் ஆலையைத் தேட வேண்டியதில்லை. அரசு அமைப்பு என்பதற்காக நீர் மாசுச் சட்டம் யாருக்கும் விலக்குத் தரவில்லை.

எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?

தயவுசெய்து இந்தப் பதிலை இரண்டு முறை படியுங்கள். நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

தடுத்து நிறுத்தச் சொல்லும் மனு என்றால், பிரச்சனை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் காட்டினால் மேலே 60 நாள். இழப்பீடு கேட்கவும், கெட்ட இடத்தைச் சீராக்கச் சொல்லவும் 5 வருஷம், மேலே 60 நாள். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், மேலே 60 நாள். 91ஆவது நாள் போனால் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கதவு திறக்காது.

‘முதன்முதலில்’ என்ற சொல்தான் முக்கியம். நாங்கள் கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து, நினைவூட்டல் எழுதி, ஒன்றரை வருஷம் ஓட்டினோம். மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, காலம் நமக்காக நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. சென்னையில் எங்களுக்காகப் பார்த்த இளம் வக்கீல் தேதிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, முதல் வழி அடைபட்டுவிட்டது, இழப்பீட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். மனு எழுதுகிறவன் நான். அன்று ராத்திரி பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கும் நாளிலேயே ஆறு மாதத்தை எண்ணத் தொடங்குங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் சின்னது. மதுரையிலிருந்து சென்னை 460 கிலோமீட்டர் சொச்சம், அதுதான் செலவு. ஒரு வாய்தாவுக்கு இரண்டு பேர் போய்வந்தால் இரண்டு நாள் கூலி போகிறது, பஸ், சாப்பாடு, நகல் செலவு. இப்போது காணொலி விசாரணை இருக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் கண்மாய்க் கரை மட்டும்தான். கரையில் நின்றுகொண்டே கரையைப் பற்றிய விசாரணையை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

வக்கீல் இல்லாமல் நாமே பேசலாமா?

பேசலாம், சட்டம் அனுமதிக்கிறது. தீர்ப்பாயம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டுகளுக்குள் இல்லை, இயற்கை நீதியின்படி, அதாவது இரு தரப்பையும் நியாயமாகக் கேட்டு நடந்தால் போதும். ஆனால் நடைமுறையில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. நீர்க்கட்டியாக (தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவராக) நாற்பது வருஷம் மடை திறந்தவர் சொல்கிற சாட்சியம் அங்கே மொழிபெயர்ப்பாகத்தான் போய்ச் சேர்கிறது. கலுங்கு, மடை, வாய்க்கால், வரத்து என்று அவர் பிரித்துச் சொல்வதெல்லாம் மனுவில் ஒரே சொல்லாகிவிடுகிறது. தமிழில் மனு வாங்கும் ஒரு மேசையாவது வேண்டும்.

ஆதாரம் எப்படிச் சேர்ப்பது? பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகலாமா?

நாங்களும் மினரல் வாட்டர் பாட்டிலில்தான் பிடித்துக்கொண்டு போனோம். அது சட்டப்படி மாதிரி ஆகாது. நீர் மாசுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு ஒரு முறை சொல்கிறது. வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் நம் பாட்டில் வீண் என்று நினைக்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கினால், “இதோ காரணம் இருக்கிறது, வாரியம் வந்து முறையாக எடுக்கட்டும்” என்று கேட்க அது கைகொடுக்கும்.

அதைவிடப் பலமானவை நாள்குறிப்பும் காகிதமும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த மடையில், என்ன நிறம், என்ன நாற்றம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி. விசாரணையில் அதிகம் பேசப்பட்டது அந்த நோட்டுதான். இடம் காட்டும் வசதியை ஆன் செய்து போனில் எடுத்த படங்கள், கிராமக் கணக்கில் கண்மாயின் சர்வே எண், அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாம் சேருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஆலையின் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் கொடுக்கும் அனுமதி) நகலைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், எங்கே விடலாம், எப்படிச் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். எங்கள் வழக்கு நின்றதே அந்த ஒரு காகிதத்தின் மேல்தான். வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது.

உயர்நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைப் பக்கமே இருக்கிறதே, அங்கே போனால் என்ன?

போகலாம். பலரும் அங்கேதான் போகிறார்கள். 2004 ஜூலை 24ல் மதுரைக் கிளை திறந்தபின் தென்மாவட்ட மக்களுக்குக் கோர்ட் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அது நிற்கிற இடத்தின் பெயர் உலகனேரி. பெயருக்குள்ளேயே ஏரி இருக்கிறது.

பசுமைத் தீர்ப்பாயம் வந்ததால் உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கீழ் சிவில் கோர்ட்டுக்குத்தான் இந்த விஷயங்களில் தடை. அதே 2022 ஏப்ரலில் மதுரைக் கிளை, மேகமலைக் காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில், இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள ஓர் உயிராக அறிவித்தது. எங்கள் வக்கீல் அன்று கேட்ட கேள்விக்கு, கண்மாய் யார் பேரில் என்பதற்கு, ஒரு பதில் ஒத்தக்கடையிலிருந்தே வந்தது என்று நான் அந்தத் தீர்ப்பை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன்.

எந்த வாசலில் போவது என்பதைக் கவனமாகப் பாருங்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கு நல்ல பாடம். 2018ல் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசு ஆலையை மூடியது. நிறுவனம் பசுமைத் தீர்ப்பாயம் போய் டிசம்பரில் திறக்க உத்தரவு வாங்கியது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இதை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்து உயர்நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. 2020 ஆகஸ்ட்டில் சென்னை உயர்நீதிமன்றம் மூடியது சரி என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எந்தக் கோர்ட் என்ற ஒரு கேள்விக்கே அவ்வளவு அலைச்சல்.

கிரானைட்டையும் சொல்லியாக வேண்டும். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் மலைகளைக் கண்டம் போட்ட விவகாரத்தில் 2014ல் உயர்நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். கனிமவள வழக்குகளுக்கென மதுரையில் தனிச் சிறப்பு நீதிமன்றமும் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் கோர்ட் கேட்பது கல்லை எடுத்தது யார், எவ்வளவு என்று. குழியான இடத்தில் முன்பு ஓடிய வரத்துக் கால்வாயை யார் திருப்பித் தருவது என்று கேட்க வேண்டியது சுற்றுச்சூழல் நீதிமன்றம். இரண்டும் ஒன்றில்லை.

அரிட்டாபட்டி எந்தக் கோர்ட்டில் ஜெயித்தது?

எந்தக் கோர்ட்டிலும் இல்லை. மக்கள் ஜெயித்தார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் சொச்சம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், லகர் வல்லூறு, தமிழி கல்வெட்டு, பாண்டியர் குடைவரை. இரண்டே வருஷத்தில் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. 2025 ஜனவரி 7ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்தது. அதே மாதம் 23ஆம் தேதி ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது.

அன்று நானும் நடந்தேன், ஒத்தக்கடையைத் தாண்டும்போது கால் கடுத்தது. ஆனால் ஒவ்வொரு கண்மாய்க்கும் அவ்வளவு பேர் நடக்க முடியுமா? பெயர் தெரியாத ஒரு நாற்பது ஏக்கர் கண்மாய்க்குக் கூட்டம் கூடாது, டிவி வராது. நீதிமன்றம் தேவைப்படுவது அதற்குத்தான்.

யாரும் வழக்குப் போடாவிட்டால் தீர்ப்பாயம் தானாக எடுக்குமா?

எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தபோது, செய்தியைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. ஆக, உள்ளூர் நிருபரிடம் பேசுவதும் ஒரு வகையில் மனு கொடுப்பதுதான்.

தீர்ப்பு வந்தால் நடக்குமா?

காகிதத்தில் தீர்ப்பாயத்துக்கு நல்ல பலம் இருக்கிறது. உத்தரவை மீறினால் 3 வருஷம் வரை சிறையோ 10 கோடி ரூபாய் வரை அபராதமோ, நிறுவனம் என்றால் 25 கோடி வரை. மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் இருக்கிறது.

தரையில் அப்படி இல்லை. எங்களுக்குக் கூட்டுக் குழு வந்தது, அளந்தது, குழாயை அடைத்தார்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அடியில் படிந்த கசடை அள்ளி, கரம்பையைச் சுத்தமாக்கும் பகுதி இன்னும் கோப்பில் இருக்கிறது. உத்தரவை நடைமுறைப்படுத்தச் சொல்லி மறுபடி மனுப் போட வேண்டியிருக்கிறது. தீர்ப்பாயத்துக்கென்று கையும் காலும் கிடையாது. வாரியம், கலெக்டர், நீர்வளத் துறை என்று முதலில் அசையாத அதே அலுவலகங்களே பிறகும் அசைய வேண்டும். 2018ல் உறுப்பினர்களை நியமிக்காததால் சென்னை அமர்வே கொஞ்ச காலம் முடங்கி, டெல்லியிலிருந்து காணொலியில் விசாரித்தார்கள். நாற்காலியைக் காலியாக வைத்தாலே போதும், சட்டத்தைத் திருத்தாமலே ஒரு நீதிமன்றத்தை நிறுத்திவிடலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆலையிடம் வாரியம் வசூலிக்கிற ‘சுற்றுச்சூழல் இழப்பீடு’ தானாக விவசாயி கைக்கு வராது. நம் பயிருக்கும் கிணற்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

2016ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட கையேடு, 44 நாடுகளில் 1,200க்கும் மேற்பட்ட இத்தகைய நீதிமன்றங்கள் இருப்பதாகச் சொன்னது. எனக்குப் பிடித்த மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 1980லிருந்து இயங்குகிறது. அங்கே விசாரணையையே சம்பவ இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மரம் பற்றிய வழக்கு மரத்தடியில். எங்கள் மடை மேல் ஒரு நீதிபதி ஒரு மணி நேரம் நின்றிருந்தால் நூறு பக்க மனு தேவைப்பட்டிருக்காது.

ஃபிலிப்பைன்ஸ் 2008ல் புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. இருக்கிற கோர்ட்டுகளில் 117ஐ இதற்கென்று ஒதுக்கியது. 2010ல் ‘கலிகாசன்’ என்ற தனிப் பேராணையையும் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் இயற்கை என்று பொருள். ஸ்வீடனில் நீதிபதியோடு தொழில்நுட்பம் படித்தவரும் நீதிபதியாகவே உட்காருகிறார், ஆலோசகராக இல்லை.

அப்படியானால் மாவட்டத்துக்கு ஒரு சுற்றுச்சூழல் கோர்ட் கேட்கலாமா?

மனசு கேட்கச் சொல்கிறது. ஆனால் யோசித்தால், மாவட்டத்துக்கு ஒன்று வைத்து நிபுணர் இல்லாமல் ஓட்டினால் அது இன்னொரு வாய்தா கோர்ட்தான். முதலில் கேட்க வேண்டியது மதுரைக்கு ஒரு சுற்று அமர்வு. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 2010ஆம் ஆண்டுச் சட்டமே வேறு ஊர்களில் உட்கார்ந்து விசாரிக்க இடம் கொடுக்கிறது. சிம்லா, ஜோத்பூர், ஷில்லாங் போன்ற ஊர்களில் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் ஒரு வாரம் மதுரையில் உட்கார்ந்தால் ராமநாதபுரம், தேனி, விருதுநகர், தூத்துக்குடி, கன்னியாகுமரி வரை உள்ளவர்கள் காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பலாம். தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்தின் அனுமதியைத் தென்மண்டல அமர்வு 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. அந்த வழக்கு மதுரையில் நடந்திருந்தால் பொட்டிப்புரத்து ஆடு மேய்க்கிறவரும் வந்து உட்கார்ந்து கேட்டிருப்பார்.

அதோடு அமர்வுக்கு ஒரு நடைமுறைப்படுத்தும் பிரிவு, தமிழ் மனு மேசை, வனவிலங்கு மற்றும் வன உரிமைச் சட்டங்களைப் பட்டியலில் சேர்ப்பது. இவ்வளவும் கிடைத்தபின் மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஆலையை மூடினால் எங்கள் பிள்ளைகளின் வேலை போகுமே?

இதைக் கேட்டவர் என் சித்தப்பா மகன், அந்த ஆலையில்தான் வேலை பார்த்தான். எளிதில் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. தீர்ப்பாயச் சட்டம் முன்னெச்சரிக்கையோடு நிலைத்த வளர்ச்சி என்ற கொள்கையையும் பார்க்கச் சொல்கிறது. பெரும்பாலும் நடப்பது மூடல் இல்லை, சுத்திகரிப்பு நிலையம் கட்டு, அதுவரை உற்பத்தியைக் குறை என்பதுதான். எங்கள் வழக்கிலும் அப்படித்தான். தம்பி இன்னும் அங்கேயே வேலைக்குப் போகிறான். வழக்கு நடந்த இரண்டு வருஷம் என்னிடம் பேசவில்லை. போன பொங்கலுக்கு வந்தான்.

சரி அண்ணே, நாளைக்குக் காலையில் நான் என்ன செய்யட்டும்?

ஒரு நோட்டு வாங்கு. முதல் பக்கத்தில், பிரச்சனையை முதலில் பார்த்த தேதியை எழுது, நேர் எதிரே ஆறு மாதம் தள்ளிய தேதியை எழுது. கண்மாயின் சர்வே எண்ணை வி.ஏ.ஓ.விடம் வாங்கு. வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, ஒப்புகை அட்டையை நோட்டிலேயே ஒட்டு. அன்றைக்கே இசைவாணை நகல் கேட்டுத் தகவல் உரிமை மனுப் போடு, பதில் தர 30 நாள். சங்கத்தில் ஐந்து பேர் கையெழுத்தோடு தீர்மானம் எழுது, ஒருவர் பின்வாங்கினாலும் மனு நிற்கும். மூன்றாவது மாதம் முடியும்போது எதுவும் நகரவில்லை என்றால் வக்கீலைப் பார். பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேள். நோட்டை மழையில் நனையாமல் வை. எங்களுடையது உரச்சாக்குப் பையில்தான் இருந்தது.